அளவறிந்து விரித்த பாய்

துறையின் ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, சங்க இலக்கியத்தில் ஏதேனும் ஒரு பகுதியை எடுத்து விளக்கி எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். யாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆயின், இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் கலம், நாவாய், வங்கம், கூம்பு, பாய் எனச் சொற்பொருள் கூறிவந்த எமக்கு, ஒரு சூன் மாத முற்பகலில் கோவளத்துக் கடல் அச்சொற்களை வேறு வகையாகக் கற்பித்தது. கற்ற பாடத்தை மறைப்பது ஆசிரியர்க்கு அழகன்று. ஆதலின் அதனையே எழுதத் துணிந்தோம்.

'பாய்' என்னும் சொல்லுக்கு எம் ஊரில் மூன்று பொருள் உண்டு. தரையில் விரித்துப் படுப்பதும் பாய். காற்றில் விரித்துக் கலம் செலுத்துவதும் பாய். மயிலாப்பூர்க் கடைத்தெருவில் எம்மைப் போன்றோரைப் பிறர் அழைப்பதும் பாய். மூன்றாம் பாய் இரண்டாம் பாயின் அளவைத் தவறாகக் கணித்து, முதலாம் பாயில் மூன்று நாள் படுத்த கதையே இக்கட்டுரை என்று சுருங்கச் சொல்லலாம்.

எம் தந்தையார் தியாகராய நகரில், உசுமான் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், நாற்பது ஆண்டுகள் தையற்கடை நடத்தியவர். பள்ளி விடுமுறை நாள்களில் பித்தான் கட்டவும் நூல் பிரிக்கவும் யாம் அங்குச் செல்வதுண்டு. பெருநாளும் தீபாவளியும் நெருங்குங்கால் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் அனைவரும் ஒரே வேண்டுகோளைத்தான் சொல்வர். "வளர்ற பிள்ளை பாய், கொஞ்சம் பெருசாவே தைச்சிடுங்க. அடுத்த வருசத்துக்கும் ஆகும்." தந்தையார் தலையசைத்து, நாடாவை எடுத்து அளவு குறித்துக்கொள்வார். வளர்பவனுக்குப் பெரிதாகத் தருவதே அறிவுடைமை என்னும் எண்ணம் அவ்வயதிலேயே எம் உள்ளத்தில் ஊன்றியது. அவ்வெண்ணமே நாற்பத்து நான்காம் வயதில் எம்மைக் கடலில் தள்ளியது.

விண்ட்சர்ஃபிங் என்று உலகம் வழங்கும் விளையாட்டைப் பற்றி மாணவர் சிலர் அறிந்திருப்பர்; மூத்தோர் பலர் அறியார். நீண்ட மிதவைப் பலகை ஒன்று. அதன் நடுவே எப்பக்கமும் சாயக்கூடிய கணுவின் மேல் பொருத்திய பாய்மரம். அதில் ஒரே பாய். பலகையின் மேல் நிற்பவன், பாயைச் சுற்றி அமைந்த வளைகழியைக் கைகளால் பற்றி, பாயை முன்னும் பின்னும் சாய்த்துத் திசை திருப்புகிறான். சுக்கான் இல்லை, இருக்கை இல்லை, கயிறு இழுக்கத் துணையாள் இல்லை. அமெரிக்காவில் 1960களில் நியூமன் டார்பி என்பவர் இத்தகைய பலகை ஒன்றை அமைத்தார். பின்னர்க் கலிபோர்னியாவில் ஜிம் டிரேக், ஹாய்ல் ஷ்வைட்சர் என்னும் இருவர் 1968இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1970இல் பெற்றனர். 1984இல் லாசு ஏஞ்சலிசு ஒலிம்பிக்கில் இஃது இடம்பெற்றது. இக்கட்டுரையில் இதனைப் பாய்ப்பலகை என்றே சுட்டுவோம்.

காற்றை ஏவல் கொண்டு கலம் செலுத்தியவன் வழித்தோன்றல் எனக் கரிகாலனை வெண்ணிக்குயத்தியார் விளிக்கும் புறநானூற்றின் 66ஆம் பாட்டை யாம் ஆண்டுதோறும் நடத்துகிறோம். ஒரு முறை நடத்தி முடித்தபோது பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, காற்றை எப்படி ஏவல் கொள்வது?" என்று வினவினான். விடை கூற இயலாமல் உரையாசிரியர் பெயரைச் சொல்லி ஒப்பேற்றினோம். அந்த நாணமே எம்மைக் கோவளத்திற்கு இட்டுச் சென்றது. கோவளம் என்றதும் எம் பெற்றோர் தலைமுறைக்குத் தர்கா நினைவில் எழும். இன்றைய இளைஞர்க்கு அலைச்சறுக்கு நினைவில் எழும். அங்கே மீனவ இளைஞர் ஒருவர் எமக்குப் பாய்ப்பலகை பயிற்றினார். எம் தம்பி மகன் கல்லூரியில் முதலாண்டு படிப்பவன்; அவனும் உடன் வந்தான்.

முதலாண்டில் எமக்கு வாய்த்த பலகை 190 லிட்டர் கொள்ளளவு உடையது. வாயிற்கதவு போல் அகன்றது. பாய் 5 சதுர மீட்டர். பலகையின் அளவை லிட்டரில் கூறுவது வழக்கம். எத்தனை லிட்டரோ, ஏறத்தாழ அத்தனை கிலோ எடையை அது நீரில் தாங்கும் என்பது பொருள். எம் எடை 70 கிலோ. பலகை, பாய், மரம், நனைந்த மிதவைச் சட்டை எல்லாம் சேர்ந்து மேலும் 23 கிலோ எனக் கொண்டாலும், ஏறக்குறைய நூறு கிலோ மிதப்பு எஞ்சி நின்றது. ஆகவே அப்பலகை எம் பிழைகளையெல்லாம் பொறுத்துக்கொண்டது. விழுந்தால் ஏறி நின்று, கயிற்றைப் பற்றிப் பாயை நீரிலிருந்து தூக்கிக்கொள்ளலாம்.

ஓராண்டில் யாம் தேறினோம். இடுப்பில் கச்சை அணிந்து, அதன் கொக்கியைப் பாயில் மாட்டி, கையின் பளுவை உடலின் மேல் ஏற்றக் கற்றோம். காற்று மிகுந்த ஒரு நாள், நீரைக் கிழித்துச் சென்ற பலகை திடீரென மேலெழும்பி நீரின் முதுகில் வழுக்கிச் சென்றது. அந்நிலையை ஒரு முறை சுவைத்தவனுக்குப் பிறகு உறக்கம் வாராது. அடுத்த முறை எப்போது என்பதே சிந்தனையாகிவிடும்.

இவ்விளையாட்டில் மிகவும் இடர் நிறைந்த பருவம் இதுவே என்று இன்று உணர்கிறோம். தொடக்கநிலையாளன் தன் அறியாமையை அறிவான். பிறர் சொல் கேட்பான். வல்லுநன் காற்றை அறிவான். இடையில் நிற்பவனோ சிறிது கற்றவன். மெல்லிய காற்றிலும் பறக்க வேண்டும் என்பதால் பெரிய பாயை விழைவான். வேகம் வேண்டும் என்பதால் சிறிய பலகையை விழைவான். இரண்டு விழைவிலும் நியாயம் உண்டு. பெரிய பாய் மெல்லிய காற்றிலும் விசை தரும் என்பதும், சிறிய பலகை வலிய காற்றில் எளிதில் அடங்கும் என்பதும் உண்மையே. இரண்டையும் ஒரே நாளில், ஒரே தாவலில் அடைய முயல்வதில்தான் பிழை.

வெளிநாடு செல்லும் நண்பர் ஒருவர் தம் பாய்ப்பலகையை மலிவாகத் தந்தார். பலகை 105 லிட்டர், பாய் 7.5 சதுர மீட்டர். "பலகை உங்களுக்குச் சிறிது, பாய் பெரிது. இரண்டு ஆண்டு கழித்து எடுங்கள்" என்று எம் பயிற்றுநர் எச்சரித்தார். தையற்காரர் மகனாகிய யாம் நகைத்தோம். வளர்கிற பிள்ளைக்கு இப்போதே பெரிதாக எடுத்துவைத்தால் என்ன?

சென்னைக் கடற்கரையின் காற்றை ஈண்டுச் சிறிது விளக்க வேண்டும். கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், மேற்கே கோடை, வடக்கே வாடை எனத் தமிழர் திசைதோறும் காற்றுக்குப் பெயரிட்டனர். மே முதல் சூலை வரை, முற்பகலில் நம் கரையில் வீசுவது மேல்திசைக் கோடைக்காற்று. அது நிலத்திலிருந்து கடலை நோக்கிச் செல்வது. நண்பகலை ஒட்டி நிலம் காய்ந்து சூடேறியபின், தென்கிழக்கிலிருந்து கடற்காற்று புகுந்து அதனை வெல்லும். பெசன்ட் நகர்க் கரையில் மாலை உலாவச் செல்வோர் மார்பில் ஏற்பது அதனையே. கோடைக்காற்று வலுத்த நாளில் கடற்காற்று தாமதித்தே வரும். கடற்காற்றில் பாய் விரித்தவன் தவறினால் கரையில் ஒதுங்குவான். கோடைக்காற்றில் தவறினால் ஒதுங்குமிடம் வங்கக் கடலாகும்.

அந்தச் சூன் நாளில் பயிற்றுநர் வருவதற்கு முன்பே, அவரிடம் சொல்லாமல், காலை பத்து மணியளவில் யாமும் தம்பி மகனும் கரையை அடைந்தோம். கடல் கண்ணாடி போல் கிடந்தது. சவுக்கு மரங்களின் பின்னிருந்து வெப்பக்காற்று மெல்ல வீசியது. மணிக்குப் பன்னிரண்டு கடல்மைல், அதாவது 12 நாட், இருக்கும் என மதித்தோம். 7.5 பாயைக் கட்டி, சிறிய பலகையில் ஏறினோம். "முதலில் நான் போய்ப் பார்த்து வருகிறேன், பின்னாலேயே நீ வா" என்று அவனிடம் கூறியதை இன்று நினைத்தாலும் நெஞ்சு நடுங்குகிறது.

முதல் முந்நூறு மீட்டர் இன்பமாக இருந்தது. மரங்களின் மறைவைக் கடந்ததும் காற்று வேறாயிற்று. 20 நாட் வேகத்தில் வந்து தாக்கியது. பலகை பறந்தது. திரும்ப வேண்டும் எனக் கருதிய நொடியில் பாய் எம்மைத் தூக்கி முன்னே எறிந்தது. நீரில் விழுந்தோம். பலகையில் ஏறினோம். அது கணுக்காலளவு நீரில் அமிழ்ந்து தள்ளாடியது. கயிற்றைப் பற்றிப் பாயைத் தூக்கினோம். நீரைச் சுமந்த பாய் பாதி எழுந்ததும் காற்று அதனைப் பறித்துக்கொண்டது. இவ்வாறு பத்துமுறை முயன்றிருப்போம். முன்கைகள் கட்டையாகி விரல்கள் மூடவில்லை. தலை தூக்கிப் பார்த்தபோது சவுக்குத் தோப்பு ஒரு கரிய கோடாகத் தெரிந்தது.

நீந்திவிடலாம் என்னும் எண்ணம் வந்தது. பலகையை விட்டு ஒருபோதும் நீங்காதீர்கள் எனப் பயிற்றுநர் முதல் நாளே சொல்லியிருந்தார். அவர் சொல்லில் அதை மட்டுமாவது அன்று காத்தோம். பாயை நீரிலேயே கிடக்கவிட்டோம்; அது நங்கூரம் போல் இழுத்துப் பலகையின் ஓட்டத்தைத் தளர்த்தியது. பலகையில் அமர்ந்து இரு கைகளையும் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தித் தாழ்த்தினோம். இடரில் உள்ளேன் என்பதற்கு உலகெங்கும் கடலோர் அறிந்த குறி அது. அப்போது எம் மனத்தில் நின்ற அச்சம் எம் உயிரைப் பற்றியதன்று. 'பின்னாலேயே நீ வா' என்ற எம் சொல்லைக் கேட்டு அச்சிறுவன் புறப்பட்டிருந்தால், அவன் எங்கே?

அவன் புறப்படவில்லை. எம் பாய் வீழ்ந்து மீண்டும் எழாததைக் கண்டவன், தன் பலகையை மணலில் எறிந்துவிட்டு மீனவர் படகுத்துறைக்கு ஓடியிருக்கிறான். நாற்பது நிமிடம் கழித்து இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகு ஒன்று எம்மை நோக்கி வந்தது. அதில் இரு மீனவரும், முகம் வெளிறிய எம் தம்பி மகனும் இருந்தனர். மூத்த மீனவர் எம்மைத் தூக்கிப் படகில் இட்டார், தண்ணீர் கொடுத்தார், பிறகே பேசினார்.

"கரையில நின்னு பாத்தா காத்து தெரியாது பாய். தூரத்துல தண்ணி கறுத்துக்கினு வருதா பாக்கணும். அங்கதான் காத்து கீது. நீங்க கரைக்காத்துக்குப் பாய் கட்டிக்கினு கடலுக்கு வந்துட்டீங்க."

பல நூல்களைப் புரட்டியும் யாம் அறியாத ஒன்றை அவர் இரண்டு மூச்சில் சொல்லி முடித்தார். இளமையில் கட்டுமரத்தில் பாய் விரித்தவர் அவர். இயந்திரமும் கண்ணாடியிழையும் வந்தபின் பாய் படகைவிட்டு நீங்கினாலும், அவர் கண்ணைவிட்டு நீங்கவில்லை.

மூன்று நாள் காய்ச்சலுடன் மயிலாப்பூர் வீட்டில் பாயில் கிடந்தோம். எண்பதைக் கடந்த தந்தையார் அருகே நாற்காலியிட்டு அமர்ந்து, நடந்ததை முழுதும் கேட்டார். வளர்கிறவனுக்குப் பெரிதாக எடுக்க வேண்டும் என்று கடையில் கேட்ட சொல்லே எம் செயலுக்குக் காரணம் என அரைவிளையாட்டாகக் கூறினோம். அவர் நகைக்கவில்லை.

"ஏம்ப்பா, பெருசா தைங்கன்னு சொன்னது வந்தவங்க. நான் என்னிக்கு அப்படித் தைச்சேன்? பெருசா தைச்சா பிள்ளை தடுக்கி விழும். கை சோத்துல தோயும். உடம்புக்கு அளவாத்தான் தைக்கணும். உள்ள துணி விடணும். பிள்ளை வளர்ந்ததும் பிரிச்சுத் தைச்சுக்கலாம். நீ பித்தான் கட்டினே. உள்பக்கம் திருப்பிப் பாத்தியா?"

பார்த்ததில்லை. கடைக்கு வந்தவர் சொன்னதைக் கேட்டோம். கடைக்காரர் செய்ததைக் காணவில்லை. இன்றைக்கு அளவாகவும் நாளைக்கு இடமாகவும் தைத்த உள்மடிப்பு அத்தனை சட்டைகளிலும் இருந்திருக்கிறது.

காய்ச்சல் நீங்கியபின் தாளும் எழுதுகோலும் எடுத்து அமர்ந்தோம். செயலின் வலி, தன் வலி, எதிர்ப்பவன் வலி, துணைவர் வலி என நான்கையும் எடைபோடச் சொல்வது திருக்குறளின் 48ஆம் அதிகாரமாகிய வலியறிதல். தேர்வுத்தாளில் அதற்கு எத்தனையோ முறை மதிப்பெண் இட்ட யாம், அன்றுதான் முதன்முறையாக அதனை எம்மீது பொருத்திப் பார்த்தோம்.

முதலில் எதிர்ப்பவனாகிய காற்று. காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயின் மேல் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். கரையில் 12 நாட், வெளியே 20 நாட் என்றால், எம்மைத் தாக்கிய விசை ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு கூடிவிட்டது. அடுத்துத் தன் வலி. பாய்ப்பலகையாளரிடையே வழங்கும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: உடல் எடையைக் கிலோவில் கொண்டு, 1.34ஆல் பெருக்கி, காற்றின் வேகத்தை நாட்டில் கொண்டு வகுத்தால் வருவது பாயின் சதுர மீட்டர். எம் 70 கிலோவுக்கு 12 நாட்டில் 7.8 சதுர மீட்டர் வரும். 15 நாட்டில் 6.3, 20 நாட்டில் 4.7. கரைக்காற்றுக்கு யாம் கட்டிய பாய் சரியானதே. கடற்காற்றுக்கோ அது ஒன்றரை மடங்கு பெரிது. எம் தம்பி மகனின் எடை அப்போது 54 கிலோ. அதே 15 நாட்டில் அவனுக்கு 4.8 போதும். ஒரே நாள், ஒரே கரை, ஒரே காற்று. ஆயினும் இருவர்க்கும் ஒரே பாய் ஆகாது.

துணைவலியாகிய பலகையைக் கணக்கிட்டபோது எம் மடமை முழுதும் வெளிப்பட்டது. எம் எடையும் பொருள்களின் எடையும் சேர்ந்து ஏறத்தாழ 90 கிலோ. 105 லிட்டரில் எஞ்சிய மிதப்பு பதினைந்து கிலோ. ஓடும்போது பலகையைத் தாங்குவது வேகம். நின்றபின் தாங்குவது மிதப்பு ஒன்றே. ஓடத் தெரிந்தவனுக்கு அப்பலகை போதும். விழுந்து எழ வேண்டியவனுக்குப் போதாது. விழுந்தபின் நீரில் கிடந்தவாறே காற்றைப் பாயில் ஏற்று, அதன் விசையாலேயே பலகைமேல் எழும் கலை ஒன்று உண்டு. அதனைக் கற்குமுன் சிறிய பலகையில் ஏறுவது, நீந்தக் கற்குமுன் ஆழ்கிணற்றில் குதிப்பதை ஒக்கும். தேறிவரும் இடைநிலையாளன் தன் எடைக்கு மேல் ஐம்பது முதல் அறுபது லிட்டர் மிகுதியாக உள்ள பலகையைக் கொள்வது நன்று என்பர். எமக்கு அது 120 முதல் 130 லிட்டராகும்.

நான்காவதாகச் செயலின் வலி. காற்று கரையை நோக்கியதா, கடலை நோக்கியதா? துணைக்கு யார் உளர்? திரும்பி வரக் கையில் வலு எஞ்சுமா? இவற்றை எண்ணாமல் பாயின் அளவை மட்டும் எண்ணுவது பயனற்றது.

இங்கே மாணவர் ஓர் ஐயம் எழுப்பலாம். 2023இல் சீனாவின் காங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியாவின் ஈபாத் அலி ஆடவர் பாய்ப்பலகைப் போட்டியில் வெண்கலம் வென்றார். அப்பிரிவில் ஆடவர் பாய் 9.5 சதுர மீட்டர். அவ்வளவு பெரிய பாயை அவர் ஆளவில்லையா? ஆண்டார். அந்தப் போட்டியில் காற்று மெலிந்தாலும் வலுத்தாலும் அனைவர்க்கும் ஒரே அளவு பாய்தான். அதனைக் கயிற்றால் இறுக்கியும் தளர்த்தியும், உடலைச் சாய்த்தும் காற்றுக்கேற்ப மாற்றுவது பல்லாண்டுப் பயிற்சி. வல்லுநர் கையில் இருப்பதைப் பார்த்து இடைநிலையாளன் அளவு எடுத்தல் ஆகாது.

நம் நகரிலேயே பிறிதொரு சான்றும் உண்டு. ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும், 2024 பாரிசு ஒலிம்பிக்கிலும் அவர் களம் கண்டார். அவர் செலுத்திய ஒற்றையாள் படகின் உடல் சற்றேறக்குறைய 4.2 மீட்டர் நீளம். அவ்வுடல் ஒன்றுக்கே மூன்று பாய்கள் உண்டு: 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர். எடை குறைந்த இளையோர் முதலாவதையும், பெண்கள் ஒலிம்பிக்கில் இரண்டாவதையும், ஆடவர் மூன்றாவதையும் கொள்வர். படகை மாற்றாமல் பாயை மட்டும் படிப்படியாக உயர்த்தும் இந்த ஏற்பாட்டைக் கண்டபோது தந்தையாரின் உள்மடிப்பே எம் நினைவுக்கு வந்தது.

அந்த 105 லிட்டர் பலகையையும் 7.5 பாயையும் விற்றோம். வாங்கியவர் எம்மினும் வல்லவர். அதன் பின் 130 லிட்டர் பலகை ஒன்றும், 6.4, 5.4 என இரு பாய்களும் வாங்கினோம். இரண்டு பாயும் 430 செ.மீ. நீளமுள்ள ஒரே பாய்மரத்தில் பொருந்துவன. இரு பாய்களுக்கிடையே ஒரு சதுர மீட்டர் இடைவெளி இருப்பது போதும். அதனினும் நெருங்கினால் பணம் வீண்; மிக விலகினால் இடைப்பட்ட காற்றுக்குப் பாய் இராது. காற்றுச் சிறிது மிகுந்தால் பாயின் அடிக்கயிற்றை இறுக்குவோம். பாயின் மேற்பகுதி தளர்ந்து மிகைக் காற்றைச் சிந்திவிடும். அதற்கும் அடங்காவிடில் கரைக்கு வந்து சிறிய பாயை மாற்றுவோம். பலகையின் அடியில் உள்ள மீன்சிறகு போன்ற தகடும் பாயோடு சேர்ந்து மாற வேண்டும். பெரிய பாய்க்கு நீண்டது, சிறிய பாய்க்குக் குறுகியது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது என்பதும் எம் விதி. புதிய பலகை ஏறும் நாளில் பழகிய பாய். புதிய பாய் விரிக்கும் நாளில் பழகிய பலகை. இடைநிலையாளர்க்கு யாம் சொல்லக் கூடியது இவ்வளவே.

ஆசிரியன் என்ற முறையில் இன்னொன்றையும் இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், ஆர்வம் மிக்க முதலாண்டு மாணவன் ஒருவன் தொல்காப்பியம் படிக்க விழைந்தான். அவன் வளரும் பிள்ளை என மகிழ்ந்து, நச்சினார்க்கினியர் உரையை முழுதாக எடுத்து அவன் கையில் கொடுத்தோம். இரண்டு வாரம் நூலகத்திற்கு வந்தான். பின்னர் நூலைத் திருப்பித் தந்துவிட்டு, எம்மைக் காணும்போதெல்லாம் தலைகுனிந்து சென்றான். அவனுக்கு ஆர்வம் குன்றிவிட்டது என்றே அன்று கருதினோம். பாயைத் தூக்க இயலாமல் பத்துமுறை விழுந்தபோதுதான் அவன் குனிந்த தலையின் பொருள் எமக்கு விளங்கியது. அவனுக்கு அளவாக ஓர் இயலைக் கொடுத்து, உள்ளே துணி விட்டிருக்க வேண்டும். அவன் இன்று எங்கிருக்கிறானோ, இம்மலர் அவன் கைக்கு எட்டுமாயின், பிழை அவனுடையதன்று என்பதை அறிவானாக.

தம்பி மகன் இப்போது இறுதியாண்டு படிக்கிறான். எடை 61 கிலோ. தன் 4.5 பாய் போதவில்லை, 5.4 வேண்டும் என்று சென்ற ஆண்டு கேட்டான். பாட்டனார் அவனை நிற்கவைத்து, பழைய நாடாவால் தோளையும் மார்பையும் அளந்தார். பாய்க்கும் அந்த அளவுக்கும் தொடர்பில்லை என்று எங்கள் இருவர்க்கும் தெரியும். ஆயினும் அவன் அசையாமல் நின்றான். "வளர்ந்திருக்கான், குடு" என்றார் முதியவர்.

அண்மையில் ஒரு பிற்பகல் கோவளத்திற்குச் சென்றோம். பயிற்றுநர் கரையில் இருந்தார். தென்கிழக்கிலிருந்து கடற்காற்று புகுந்திருந்தது. 5.4 பாயும் பழைய 4.5 பாயும் மணலில் அருகருகே கிடந்தன. அவன் எதையும் தொடாமல் கடலை நோக்கி ஐந்து நிமிடம் நின்றான். தொலைவில் நீர் திட்டுத்திட்டாகக் கறுத்து எழுந்து வந்தது.

"சின்னதே போதும், பெரியத்தா" என்றான்.

அவனுக்குச் சின்னது போதும் என்றால் எமக்கும் போதும் எனக் கருதி, 6.4 பாயைப் பையிலேயே வைத்துவிட்டு, அவன் விட்ட 5.4 பாயை யாம் கட்டினோம். நீர் கறுத்த வேகத்திற்குக் காற்று நிலைக்கவில்லை. அரைமணி நேரத்தில் மெலிந்துவிட்டது. அன்று பலகை ஒருமுறையும் பறக்கவில்லை. இருவரும் நடைவேகத்தில் பக்கம்பக்கமாகச் சென்று, அவன் தேர்வைப் பற்றியும் பாட்டனாரின் கண்ணாடியைப் பற்றியும் பேசிக்கொண்டே திரும்பினோம். அந்தி சாயுமுன் மயிலாப்பூர் வந்து சேர்ந்தோம். தந்தையார் வாயிலில் அமர்ந்திருந்தார்.